ஹுலாகு வம்சம் ஆண்ட பாரசீகம்: இல்கானரசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்கோலியர் வரலாற்றைப் பேச ஆரம்பித்தால், பெரும்பாலும் செங்கிஸ்கானில் தொடங்கி பாக்தாத் வீழ்ந்ததோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கப்புறமும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் அங்கேயே தங்கி ஆண்டார்கள் என்பது பலருக்குப் புதுச் செய்தி. கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் அநேகமாக அதேதான். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை போகப் போக.

இல்கானரசுன்னு சொல்றீங்களே, அது எந்த நாடு? செங்கிஸ்கான் ஆண்ட ராஜ்யமா?

செங்கிஸ்கான் 1227-லேயே இறந்துவிட்டார். அவர் பிடித்த நிலமும், மகன்களும் பேரன்களும் சேர்த்த நிலமும் 1260-க்குப் பிறகு நான்கு பெரிய அரசுகளாகப் பிரிந்தன. சீனாவில் குப்லாய் கானின் யுவான் வம்சம், நடு ஆசியாவில் சகதாயி கானரசு, ரஷ்யப் புல்வெளிப் பக்கம் தங்க நாடோடிக் கூட்டம், பாரசீகத்தில் இல்கானரசு.

இல்கானரசை நிறுவியவர் ஹுலாகு. செங்கிஸ்கானின் பேரன், குப்லாய்க்குத் தம்பி. இன்றைய ஈரான், ஈராக், அஜர்பைஜான், ஆர்மீனியா, ஜார்ஜியா, துருக்கியின் பெரும்பகுதி, ஆப்கானிஸ்தானின் மேற்கு ஓரம் இவையெல்லாம் நேரடியாகவோ, கப்பம் கட்டும் சிற்றரசர்கள் மூலமாகவோ இவர்கள் கையில் இருந்தன. காலம் 1256 முதல் 1335 வரை. தலைநகரம் முதலில் மராகா, பிறகு தப்ரீஸ், கடைசியில் சுல்தானியா.

டெல்லி மேல படையெடுத்து வந்த மங்கோலியர் இவங்கதானா? மொகலாயருக்கும் இவங்களுக்கும் உறவு உண்டா?

இல்லை. அலாவுதீன் கில்ஜி காலத்தில் 1299-லும் 1303-லும் டெல்லி வாசல் வரை வந்தவர்கள் நடு ஆசியாவின் சகதாயி கானரசைச் சேர்ந்தவர்கள். ஹுலாகுவுக்கும் டெல்லிக்கும் இருந்தது தூது உறவு. 1260-ல் அவருடைய தூதர்களுக்கு டெல்லியில் பெரிய வரவேற்பே கொடுத்தார்கள்.

பாபர் தந்தை வழியில் தைமூர் வம்சம். தாய் வழியில் செங்கிஸ்கானின் மகன் சகதாயியின் வம்சம். ஹுலாகு கிளையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, ஹுலாகு எதுக்காக அவ்வளவு தூரம் வந்தார்?

பாரசீகம் அதற்கு முன்பே ஒருமுறை அழிந்திருந்தது. 1219 முதல் 1221 வரை செங்கிஸ்கான் குவாரசம் அரசை நொறுக்கியபோது மெர்வ், நிஷாபூர் போன்ற பெருநகரங்கள் தரைமட்டமாயின. ஆனால் அங்கே ஒழுங்கான ஆட்சி எதையும் அவர் நிறுவவில்லை. முப்பது வருஷம் படைத்தளபதிகளும் வரி வசூலிப்பவர்களும்தான் அதிகாரம் செய்தார்கள். 1251-ல் மோங்கே பெருங்கான் ஆனதும் ஒரு தம்பியை, குப்லாயை, சீனப் பக்கம் பார்க்கச் சொன்னார். இன்னொரு தம்பி ஹுலாகுவை மேற்கே அனுப்பினார். மலைக்கோட்டைகளில் இருந்த இஸ்மாயிலிகளை, அதாவது ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவினரை, ஒழிக்க வேண்டும், பாக்தாத் கலீஃபாவைப் பணியவைக்க வேண்டும். இந்த இரண்டும் ஹுலாகுவுக்கு இட்ட கட்டளை.

மங்கோலியர் என்றால் புயல் மாதிரி வந்து போனவர்கள் என்று நினைக்கிறோம். ஹுலாகு அப்படி வரவில்லை. ஒட்டுமொத்த மங்கோலியப் படையிலும் பத்துப் பேருக்கு இரண்டு பேர் என்று ஆள் எடுத்தார்கள். கவண்பொறி இயக்கவும் எரிநெய் வீசவும் தெரிந்த சீன வல்லுநர்கள் ஆயிரம் குடும்பமாக வந்தார்கள். படை வரும் வழியெங்கும் புல்வெளிகளில் மற்றவர்கள் மேய்க்கக் கூடாது என்று முன்கூட்டியே தடை போட்டார்கள். ஆறுகளுக்குப் பாலம் கட்டினார்கள், மாவும் மதுவும் சேமித்து வைத்தார்கள். 1253-ல் கிளம்பியவர் ஆமு தரியாவைக் கடந்தது 1256 ஜனவரியில்தான்.

அலமுத் கோட்டையை யாராலும் பிடிக்க முடியாதுன்னு சொல்வாங்களே?

இஸ்மாயிலிகளின் தலைமைக் கோட்டை அது. ஹுலாகுவும் அதைத் தாக்கிப் பிடிக்கவில்லை. இஸ்மாயிலித் தலைவர் ருக்னுத்தீன் குர்ஷா அப்போது மைமூன் திஸ் என்ற வேறொரு கோட்டையில் இருந்தார். அங்கே கவண்பொறிகளின் தாக்குதல் தாங்காமல் 1256 நவம்பரில் சரணடைந்தார். மற்றக் கோட்டைகளும் பணியும்படி அவரே ஆணையிட்டதும், அடுத்த மாதம் அலமுத் கதவைத் திறந்தது. கிர்த்கூஹ் என்ற ஒரே ஒரு கோட்டை மட்டும் 1270 வரை தாக்குப்பிடித்தது.

அலமுத் நூலகத்துக்குள் போய்ப் பார்த்தவர் ஜுவைனி, ஹுலாகுவின் பாரசீக அதிகாரி. குர்ஆன் பிரதிகளையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டு, மதவிரோதம் என்று தான் கருதிய நூல்களை எரித்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். எரித்தவர் படித்த மனிதர் என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

பாக்தாத் உண்மையில எப்படி விழுந்தது?

ஹுலாகு முதலில் கடிதம் எழுதினார். கலீஃபா முஸ்தஃஸிம், இஸ்லாமிய உலகமே தன் பின்னால் திரண்டுவரும் என்று வீராப்பாகப் பதில் அனுப்பினார். யாரும் வரவில்லை. சொல்லப்போனால் மோசூல் ஆட்சியாளர், பார்ஸ் மாகாணத்து ஆட்சியாளர் போன்ற முஸ்லிம் சிற்றரசர்கள் ஹுலாகு பக்கம் ஆள் அனுப்பியிருந்தார்கள். ஜார்ஜிய, ஆர்மீனியக் கிறிஸ்தவப் படைகளும் அங்கே இருந்தன. ஆகவே இதை ஒரு மதத்துக்கு எதிரான போராகச் சொல்வது பொருந்தாது.

1258 ஜனவரி நடுவில் கலீஃபாவின் படை நகருக்கு வெளியே வந்து போரிட்டது. மங்கோலியர் இரவோடு இரவாக ஆற்றின் கரையை உடைத்து, அந்தப் படைக்குப் பின்னால் இருந்த வயல்வெளியை வெள்ளக்காடாக்கினார்கள். திரும்பி ஓட வழியில்லாமல் பெரும்பாலோர் செத்தார்கள். ஜனவரி 29 வாக்கில் முற்றுகை தொடங்கியது. பாக்தாத் சுற்றுவட்டாரம் வண்டல் மண், கவணில் வைத்து எறியக் கல் கிடையாது. தொலைவிலிருந்து கல் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அதுவரை பேரீச்ச மரங்களை வெட்டித் துண்டு போட்டு எறிந்தார்கள். டைக்ரிஸ் ஆற்றில் படகேறித் தப்புவோரைத் தடுக்க மேலும் கீழும் மிதவைப் பாலம் போட்டு மறித்தார்கள். நீதிபதிகள், அறிஞர்கள், வணிகர்கள் சண்டைக்கு வராவிட்டால் அவர்கள் உயிருக்கு ஆபத்தில்லை என்று எழுதி அம்பில் கட்டி உள்ளே எய்தார்கள்.

பிப்ரவரி 10 அன்று கலீஃபா மகன்களோடு வெளியே வந்து சரணடைந்தார். 13-ஆம் தேதி கொள்ளையும் கொலையும் தொடங்கின. ஹுலாகுவின் மனைவி தோகூஸ் கத்தூன் கிழக்கு மரபைச் சேர்ந்த கிறிஸ்தவர் என்பதால் நகரத்துக் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். 20-ஆம் தேதி, பிணவாடை தாங்காமல் ஹுலாகு நகரத்தைவிட்டு விலகிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனார். அன்றே கலீஃபாவைக் கொன்றார்கள். 750-ல் தொடங்கிய அப்பாசிய ஆட்சி பாக்தாதில் அத்தோடு முடிந்தது.

இருபது லட்சம் பேர் செத்தாங்கன்னு படிச்சேன், சரியா?

நம்ப முடியாத எண்ணிக்கை. அந்தக் காலத்துப் பதிவுகளே ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. 1262-ல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயிக்கு ஹுலாகு அனுப்பிய கடிதத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் முஸ்தௌஃபி எட்டு லட்சம் என்கிறார். கொன்றவரே எதிரியை மிரட்டவும் நண்பனைக் கவரவும் பெருமையாகச் சொல்லிக்கொண்ட எண்ணிக்கையே இரண்டு லட்சம்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதால் கொடுமை குறைந்துவிடாது.

கலீஃபாவைக் கம்பளத்துல சுருட்டி குதிரையை விட்டு மிதிச்சது நிஜமா?

அரச ரத்தம் மண்ணில் சிந்தக் கூடாது என்ற வழக்கம் மங்கோலியரிடம் இருந்தது. தங்கள் இளவரசர்களைக் கொல்லும்போதும் ரத்தம் சிந்தாமல்தான் கொன்றார்கள். அதனால் கம்பளம் அல்லது சாக்கில் வைத்து மிதித்துக் கொன்றார்கள் என்ற செய்தி நம்பத்தக்கது. பொன் குவிந்த அறையில் அடைத்து, 'இதையே சாப்பிடு' என்று பட்டினி போட்டுக் கொன்றதாக மார்க்கோ போலோ சொல்வது நீதிக்கதை.

உள்ளேயிருந்து காட்டிக்கொடுத்ததாலதான் பாக்தாத் விழுந்ததா?

இரண்டு பேர் மீது இந்தப் பழி விழுகிறது. ஒருவர் கலீஃபாவின் அமைச்சர் இப்னுல் அல்கமி. மற்றவர் ஹுலாகுவோடு இருந்த அறிஞர் நசீருத்தீன் தூஸி. இருவரும் ஷியாக்கள், பழி சுமத்தியவர்கள் பெரும்பாலும் சுன்னி எழுத்தாளர்கள். அமைச்சர் பணிந்துபோகச் சொன்னார் என்பது உண்மை. முற்றுகையின் போக்கைப் பார்த்தால் அது துரோகம் இல்லை, நல்ல யோசனை.

தூஸி விஷயத்தில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. தாக்குவதற்கு முன் ஹுலாகு ஜோசியம் கேட்டார். ஹுஸாமுத்தீன் என்ற ஜோதிடர், கலீஃபாமேல் கைவைத்தால் குதிரைகள் சாகும், மழை பொய்க்கும் என்று ஆறு கேடுகளை அடுக்கினார். தூஸியைக் கேட்டபோது, அப்படி எதுவும் நடக்காது, கலீஃபா இருக்கும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள், அவ்வளவுதான் என்றார். அவர் வேறு பதில் சொல்லியிருந்தாலும் அந்தப் படை திரும்பிப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மோங்கேயின் கட்டளை அதற்குப் பல வருஷம் முன்பே போட்டது.

புத்தகங்களை ஆத்துல கொட்டினதால டைக்ரிஸ் கறுப்பா ஓடுச்சாமே?

பிற்காலத்தில் பரவிய கதை அது. நூலகங்கள் சூறையாடப்பட்டது உண்மை. ஆனால் ஏராளமான நூல்கள் மராகாவுக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே 1259-ல் ஹுலாகுவின் பணத்தில் தூஸி பெரிய வானியல் ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். சீன அறிஞர்களும் அங்கே வேலை செய்தார்கள். கோள்களை முழுச் சுற்றுக்கும் கவனிக்க முப்பது வருஷம் வேண்டும் என்று தூஸி கேட்டார், சனிக்கோள் ஒரு சுற்று முடிக்க அவ்வளவு காலம் ஆகும். பன்னிரண்டு வருஷத்தில் முடியுங்கள் என்றார் ஹுலாகு. 1272 வாக்கில் அப்படிக் கவனித்துத் தயாரித்த கோள் அட்டவணை வெளியானபோது ஹுலாகு உயிரோடு இல்லை. கோள்களின் இயக்கத்தை விளக்க தூஸி உருவாக்கிய கணித உத்தி, பிற்பாடு கோப்பர்நிக்கஸின் நூலிலும் தென்படுகிறது.

பாக்தாத் விழுந்தபோது சிறைப்பட்ட ஒரு சிறுவன் இப்னுல் ஃபுவதி. பிற்பாடு மராகா நூலகத்தில் தூஸியிடம் வேலை பார்த்து, கடைசியில் பாக்தாதுக்கே திரும்பி, முஸ்தன்ஸிரியா கல்லூரியின் நூலகர் ஆனார். மை கலந்து ஓடிய ஆற்றைவிட இந்த ஒருவருடைய வாழ்க்கை எனக்கு அந்தக் காலத்தை நன்றாகக் காட்டுகிறது.

ஐன் ஜாலூத் போர்தான் மங்கோலியருக்கு முதல் தோல்வியா?

முதல் தோல்வி இல்லை. 1221-லேயே ஆப்கானிஸ்தானில் பர்வான் என்ற இடத்தில் குவாரசம் அரச வம்சத்து ஜலாலுத்தீன் ஒரு மங்கோலியப் படையைத் தோற்கடித்திருக்கிறார். ஐன் ஜாலூத்தின் முக்கியத்துவம் வேறு. 1260 தொடக்கத்தில் அலெப்போவும் டமாஸ்கஸும் ஹுலாகு கைக்கு வந்தன. அதற்குள் பெருங்கான் மோங்கே இறந்த செய்தி வர, ஹுலாகு பெரும்படையோடு அஜர்பைஜானுக்குத் திரும்பிவிட்டார். தளபதி கித்புகாவிடம் மிஞ்சியது சிறிய படை. செப்டம்பர் 3 அன்று எகிப்தின் மம்லூக் சுல்தான் குதுஸ் அதை முறியடித்தார், கித்புகா கொல்லப்பட்டார். மங்கோலிய எல்லை யூப்ரடிஸ் நதியோடு நின்றுவிட்டது.

திரும்பத் திரும்ப முயன்றார்கள். 1281-ல் ஹோம்ஸ் அருகே தோற்றார்கள். 1299 டிசம்பரில் கஸான் கான் ஜெயித்து டமாஸ்கஸைப் பிடித்தார், சில மாதங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் புல். ஒவ்வொரு மங்கோலிய வீரனும் பல குதிரைகளோடு வருகிறவன், சிரியாவின் கோடைக்காலம் அத்தனை குதிரைக்கும் தீனி தராது.

எல்லாரும் ஒரே குடும்பம்தானே, அவங்களுக்குள்ள ஏன் சண்டை?

பங்காளிச் சண்டைதான், நிலத்துக்காக. காக்கசஸ் மலைக்குத் தெற்கே இருந்த அஜர்பைஜான் புல்வெளிகள் தங்களுக்குச் சேர வேண்டியவை என்று தங்க நாடோடிக் கூட்டம் நினைத்தது. அதன் தலைவர் பெர்கே இஸ்லாத்தைத் தழுவியவர், கலீஃபா கொலை அவருக்கு இன்னொரு கோபம். 1262-ல் போர் மூண்டது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் தெரேக் ஆற்றின் பனிக்கட்டி உடைந்து ஹுலாகுவின் படையில் ஏராளமானோர் மூழ்கினார்கள்.

பெர்கே எகிப்தோடு கூட்டுச் சேர்ந்தார். மம்லூக் படைக்கு வேண்டிய அடிமை வீரர்கள் பெர்கேயின் புல்வெளிகளிலிருந்துதான் கருங்கடல் வழியே போனார்கள். கிழக்கே சகதாயி கானரசும் சும்மா இருக்கவில்லை, 1270-ல் ஹெராத் அருகே ஹுலாகுவின் மகன் அபாகா அவர்களை விரட்ட வேண்டியிருந்தது. மூன்று பக்கமும் எதிரி, அதில் இரண்டு பக்கம் சொந்தக்காரர்கள். இல்கான்களின் வெளிநாட்டுக் கொள்கை முழுவதும் இதிலிருந்து கிளம்புவதுதான்.

ஐரோப்பாவோட சேர்ந்து ஜெருசலேமைப் பிடிக்கத் திட்டம் போட்டாங்களாமே?

போட்டார்கள், கடிதமே இருக்கிறது. 1289-ல் அர்குன் கான் பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்புக்கு எழுதியது இன்றும் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. நீளமான தாள், மேலிருந்து கீழாக உய்குர் எழுத்தில் மங்கோலிய மொழி, அதன்மேல் சிவப்பு மையில் சதுரமான சீன முத்திரை. பாரசீகத்தை ஆள்கிறவர் பிரான்ஸுக்கு எழுதும் கடிதத்தில் குப்லாய் கான் தந்த முத்திரை. புலி ஆண்டின் குளிர்காலக் கடைசி மாதம் கிளம்பி, வசந்தத்தின் முதல் மாதம் டமாஸ்கஸ் முன் பாசறை இறங்குவோம், நீங்களும் வந்தால் ஜெருசலேமை உங்களுக்குத் தருவோம் என்கிறார் அர்குன். அதாவது 1291.

ஐரோப்பாவிலிருந்து யாரும் வரவில்லை. அர்குனும் 1291 மார்ச்சில் இறந்துபோனார். நீண்ட ஆயுளுக்காக இந்தியாவிலிருந்து வந்த ஒரு யோகி கொடுத்த கந்தகமும் பாதரசமும் கலந்த மருந்தை எட்டு மாதம் சாப்பிட்டார் என்று, பிற்பாடு இல்கான்களின் அமைச்சராக இருந்து வரலாறு எழுதிய ரஷீதுத்தீன் எழுதுகிறார்.

இவங்க என்ன மதம்? எப்போ முஸ்லிம் ஆனாங்க?

ஹுலாகு பௌத்தத்தில் சாய்வு உள்ளவர், மனைவி கிறிஸ்தவர். 1282-ல் பட்டத்துக்கு வந்த தெகுதேர் முஸ்லிமாகி அஹ்மத் என்று பெயர் வைத்துக்கொண்டார், இரண்டே வருஷத்தில் கொல்லப்பட்டார். அர்குன் தீவிர பௌத்தர். அவர் மகன் கஸான் பௌத்தராக வளர்ந்து, 1295-ல் அரியணைப் போட்டியின் நடுவே இஸ்லாத்தைத் தழுவினார். பௌத்தக் கோவில்களை இடிக்கச் சொன்னார், பிக்குகளை மதம் மாறு அல்லது காஷ்மீரமோ திபெத்தோ போ என்றார். அவருடைய தம்பி ஒல்ஜெய்த்து சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்று நிக்கோலஸ் என்று பெயர் சூட்டப்பட்டவர், பிறகு பௌத்தர், பிறகு சுன்னி, கடைசியில் ஷியா.

காகிதப் பணம் அடிச்சு மாட்டிக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அது என்ன கதை?

1294. அப்போது கான், அர்குனின் தம்பி கய்காத்து. வாரி இறைக்கும் கை. கால்நடைகள் கொத்துக்கொத்தாகச் செத்த நேரம், கஜானா காலி. குப்லாய் நாட்டில் தாள்தான் பணம் என்பது தெரிந்திருந்த அமைச்சர் சத்ருத்தீன், அங்கிருந்து வந்திருந்த போலாத் என்ற பெரியவரிடம் விவரம் கேட்டு, தப்ரீஸில் அச்சகம் வைத்தார்.

நோட்டு செவ்வகத் தாள். ஓரத்தில் சீன எழுத்துகள், மேலே 'அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை' என்ற கலிமா, கீழே கானின் பௌத்தப் பெயர், நடுவே மதிப்பு. அரை திர்ஹம் முதல் பத்து தினார் வரை. பெயரும் சீனத்துப் பெயர்தான், சாவ். கள்ளநோட்டு அடித்தால் குடும்பத்தோடு மரண தண்டனை, வாங்க மறுத்தாலும் மரண தண்டனை. மரக்கட்டையில் செதுக்கி அச்சடிப்பது பாரசீகத்துக்கு அதுவே முதல்முறை.

சில நாளிலேயே தப்ரீஸ் கடைவீதி காலியானது. ரொட்டியும் பழமும் ஊருக்கு வெளியே தோட்டங்களில் திருட்டுத்தனமாக வெள்ளிக்காசுக்கு விற்றன. தொழுகைக்குக் கூடிய இடத்தில் மக்கள் வெளிப்படையாகச் சபித்தார்கள். இரண்டு மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டார்கள். சீனாவில் அதே தாள் பல காலம் ஓடியதே என்றால், அங்கே மாற்றிக்கொள்ள வெள்ளி இருந்தது, பழக்கம் இருந்தது. இங்கே கஜானா காலி என்பது ஊருக்கே தெரியும்.

கஸான் கானின் சீர்திருத்தம்னு புகழறாங்களே, அவர் அப்படி என்ன செஞ்சார்?

அதற்கு முந்தைய நிலையைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். யஸ்து பக்கம் ஃபிரூஸாபாத் என்ற ஊருக்கு ஒரு பெரிய நிலச்சுவான்தார் தன் பங்கை வசூலிக்கப் போனார். மூன்று நாள் தேடியும் ஊர்த்தலைவர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. ஆனால் ஊர் நடுவில் ஆளுக்கொரு வசூல் சீட்டோடு பதினேழு வரி வசூலிப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அகப்பட்ட காவல்காரன் ஒருவனையும் விவசாயிகள் இருவரையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மற்றவர்கள் எங்கே என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வரிக்குப் பல பேருக்கு உத்தரவுச் சீட்டு கொடுப்பதும், வசூலிப்பவர் ஊரில் தங்கி ஊர் சோற்றையே தின்பதும் அன்றைய நடைமுறை.

கஸான் ஒவ்வொரு ஊருக்கும் வரியை நிர்ணயித்து, பலகையிலோ கல்லிலோ சுவரிலோ எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கச் சொன்னார். எடையும் அளவும் தப்ரீஸ் கணக்குக்கு ஒரே சீராக்கினார். தரிசு நிலத்தை உழுபவருக்கு வரிச்சலுகை கொடுத்தார். தூதர்கள் கண்ட வீட்டில் புகுந்து தங்குவதைத் தடுத்தார். தன் மங்கோலியப் பிரபுக்களிடம் அவர் பேசியதும் பதிவாகியிருக்கிறது. விவசாயிக்குப் பரிந்து நான் பேசவில்லை, இன்றைக்கே எல்லாவற்றையும் பறித்துவிட்டால் அடுத்த வருஷம் நீங்கள் எதைச் சாப்பிடுவீர்கள் என்பதே அதன் சாரம். கருணையைவிடக் கணக்குதான் அதில் அதிகம், ஆனாலும் நாற்பது வருஷமாக யாரும் போடாத கணக்கு. அரசு வருமானம் 1 கோடியே 70 லட்சம் தினாரிலிருந்து 2 கோடியே 10 லட்சமாக உயர்ந்ததாக முஸ்தௌஃபி கணக்குக் காட்டுகிறார்.

ரஷீதுத்தீன் ரஷீதுத்தீன்னு சொல்றீங்களே, யார் அவர்? அவர் எழுதினதை அப்படியே நம்பலாமா?

ஹமதானில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, வைத்தியராகி, முஸ்லிமாகி, கஸானுக்கும் ஒல்ஜெய்த்துவுக்கும் அமைச்சரானவர். மங்கோலியர், சீனர், துருக்கியர், யூதர், ஐரோப்பியர், இந்தியர் என்று தனக்குத் தெரிந்த எல்லா மக்களின் வரலாற்றையும் ஒரே தொகுப்பில் எழுத முயன்றவர். சீனத் தகவலுக்குக் காகிதப்பணக் கதையில் வந்த அதே போலாத் துணை. புத்தர் வரலாற்றுக்குக் கமலஸ்ரீ என்ற காஷ்மீரத்துப் பிக்கு துணை. 1318-ல், ஒல்ஜெய்த்துவுக்கு விஷம் வைத்ததாகப் பழி சுமத்தி, மகனை அவர் கண்முன்னே கொன்று பிறகு அவரையும் கொன்றார்கள்.

நம்பலாமா என்றால், கவனமாக நம்பலாம். மேலே சொன்ன பதினேழு வசூலிப்பவர்கள் கதையைச் சொன்னவரும் அவரே. தன் எஜமான் கஸானின் சீர்திருத்தம் பளிச்சென்று தெரிய, முந்தைய இருட்டை அவர் கொஞ்சம் அழுத்தித் தீட்டியிருக்க வாய்ப்பு உண்டு. சீர்திருத்தம் எழுத்தில் இருந்த அளவுக்கு ஊர்களில் நடந்ததா என்பதையும் அவரை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கும் இவங்களுக்கும் ஏதாவது தொடர்பு இருந்துச்சா?

இருந்தது, குதிரை வழியாக. பாண்டிய நாட்டுக் கடற்கரையை அவர்கள் மாபார் என்று அழைத்தார்கள். பாரசீக வளைகுடாவில் கீஷ் தீவை வைத்திருந்த வணிகப் பிரபு ஜமாலுத்தீன், இல்கான்களிடம் பார்ஸ் மாகாணத்தின் வரிக் குத்தகையும் எடுத்தவர். ஆண்டுக்கு 1,400 குதிரை அவர் மாபாருக்கு அனுப்பியதாக இல்கானரசின் வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். மற்றத் துறைமுகங்களையும் சேர்த்து ஒரு காலத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்று 220 தினார், ஆக 22 லட்சம் தினார் என்பது அவர் கணக்கு. வழியில் செத்த குதிரைக்கும் பாண்டியரே விலை கொடுத்தார்கள். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் குலசேகர பாண்டியனின் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைமுகங்களைக் கவனித்துக்கொண்டார். ஒரு சகோதரர் விற்கிற இடத்தில், மற்றவர் வாங்குகிற அரசவையில்! இவ்வளவு குதிரை வந்தும் பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டார்கள் என்று மார்க்கோ போலோ குறைப்படுகிறார்.

அந்த மார்க்கோ போலோவே இந்தக் கரைப்பக்கம் வந்தது இல்கானுக்குப் பெண் கொண்டுபோகும் பயணத்தில்தான். அர்குனுக்காகக் குப்லாய் அனுப்பிய இளவரசி கோகசின் கடல்வழியே போய்ச் சேர்வதற்குள் அர்குன் இறந்துவிட, கஸான் அவளை மணந்தார். அவளை அழைத்துச் சென்ற மூன்று தூதர்களின் பெயரோடு 1290-ஆம் ஆண்டுச் சீன அரசு ஆவணம் ஒன்று கிடைத்திருக்கிறது. மாபார் வழியாக அர்குனிடம் போகிறார்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பிறகு கஸான் சீனாவுக்கு அனுப்பிய தூதர், ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன், 1305 வாக்கில் திரும்பும் வழியில் மாபாரை நெருங்கியபோது இறந்தார். தகியுத்தீனின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இவ்வளவு பெரிய அரசு எப்படிச் சட்டுனு முடிஞ்சது?

ஒல்ஜெய்த்துவின் மகன் அபு சயீத் 1316-ல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தார். மம்லூக்குகளோடு சமாதானம் செய்துகொண்டார், வணிகம் செழித்தது, நல்ல காலம் என்றுதான் பலரும் எழுதினார்கள். 1335 நவம்பர் 30 அன்று ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மனைவி பாக்தாத் கத்தூன் விஷம் வைத்ததாக இப்னு பதூதா எழுதுகிறார். ஹுலாகு வம்சத்து இளவரசர்களை அதற்கு முன்பே அரியணைச் சண்டைகளில் அவர்களே கொன்று குறைத்திருந்ததால் எல்லாரும் ஏற்கிற வாரிசு கிடைக்கவில்லை. ஆளுக்கொரு பொம்மைக் கானை வைத்துக்கொண்டு பிரபுக்கள் மோதினார்கள். அந்தப் பொம்மைக் கான்களில் ஒருவர் அபு சயீதின் சகோதரி சதி பேக், தன் பெயரிலேயே காசு அடித்தவர். ஜலாயிரி, சோபானி, முஸஃபரி என்று நாடு துண்டானது. அந்த நூற்றாண்டின் முடிவில் தைமூர் வந்து அத்தனையையும் விழுங்கினார்.

கடைசியா சொல்லுங்க, இவங்க அழிச்சவங்களா, வளர்த்தவங்களா?

மராகா ஆய்வுக்கூடத்தைக் காட்டி பாக்தாதைக் கழித்துவிட முடியாது. இரண்டையும் ஒரே ஆள் ஒன்றரை வருஷ இடைவெளியில் செய்தார் என்பதை அப்படியே ஏற்கத்தான் வேண்டும். என் பார்வையில் பெரிய சேதம் வாளால் மட்டும் வந்ததல்ல. நகரம் ஒருமுறை எரிந்தால் இருபது வருஷத்தில் எழுந்துவிடும். பாக்தாதையே ஜுவைனி இருபது வருஷத்துக்கு மேல் நிர்வகித்து, கால்வாய் வெட்டிச் சீர்செய்தார். ஆனால் எப்போது யார் வந்து எதைக் கேட்பார் என்று தெரியாமல் விவசாயி நிலத்தை விட்டு ஓடிய அந்த நாற்பது வருஷம், பேரரசின் மகுடக் கதைகளுக்குள் காணாமல் போகிறது. ஒரு நாட்டைப் பிடிக்க ஹுலாகுவுக்கு இரண்டு வருஷம் போதுமாக இருந்தது. ஊர் வாசலில் வரியை எழுதிவைக்க அவர் வம்சத்துக்கு நாற்பது வருஷம் பிடித்தது.

வளர்ந்ததும் உண்மை. ஜுவைனி, ரஷீதுத்தீன், வஸ்ஸாஃப், முஸ்தௌஃபி எல்லாரும் இல்கான்களின் அதிகாரிகள். பாரசீக உரைநடை வரலாறு அதற்கு முன் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. நாம் இன்று மங்கோலியக் கொடுமைகளை அறிவதே அவர்களிடம் சம்பளம் வாங்கியவர்கள் எழுதியதிலிருந்துதான்.

இப்போ போனா பார்க்க என்ன மிச்சம் இருக்கு?

முதலில் சுல்தானியா. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஒல்ஜெய்த்துவின் கல்லறை, எண்கோணக் கட்டடத்தின் மேல் சுமார் 50 மீட்டர் உயரத்தில் நீலக் குவிமாடம். ஊர் சுருங்கிவிட்டது, அந்தக் குவிமாடம் இன்னும் நிற்கிறது. 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அடுத்தது தக்த்-இ சுலைமான். அபாகா கட்டிய கோடைமாளிகையின் ஓடுகளில் சீனத்து டிராகனும் பாரசீகக் காவிய வரிகளும் சேர்ந்து இருந்தன, நல்ல ஓடுகளைப் பார்க்க லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களுக்குத்தான் போக வேண்டும். மராகாவில் ஆய்வுக்கூடத்தின் அடித்தளம் மட்டும் ஒரு பாதுகாப்புக் கூரைக்குக் கீழே இருக்கிறது. அலமுத்துக்கு கஸ்வீன் நகரத்திலிருந்து மலைப்பாதை. சுல்தானியாவுக்கு சன்ஜானிலிருந்து போவது வசதி, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.